மேடை அலங்காரம்: கடன் இல்லாமல் செய்ய ஒரு கணக்கு



ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்ததும் நம் பகுதியில் நிகாஹ் நாட்கள் நெருக்கமாக வரத் தொடங்கிவிடும். திருமண உதவி கேட்டு டிரஸ்டுக்கு மனுக்களும் அதே வேகத்தில் வரும். மனுவோடு உத்தேசச் செலவுப் பட்டியல் ஒன்றையும் கேட்டு வாங்குகிறோம். மண்டப வாடகை, சாப்பாடு, துணிமணி, நகை என்பவை பழைய வரிகள். 'பந்தல், லைட்' என்று முன்பு ஒரே வரியில் முடிந்த செலவு இப்போது 'ஸ்டேஜ் டெகரேஷன்' என்ற பெயரில் தனி வரியாகிவிட்டது. அதற்கு நேரே 40,000 இருக்கிறது, 60,000 இருக்கிறது. சில பட்டியல்களில் சாப்பாட்டுச் செலவை எட்டிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

இந்தத் தொகை எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். உம்மாவின் நகை அடகுக்குப் போயிருக்கும். இல்லையென்றால் வாராவாரம் கட்டும் குழுக் கடன். நான்கு மணி நேரம் நிற்கும் ஒரு துணித் திரைக்காக இரண்டு வருடம் வட்டி கட்டுகிறார்கள். வட்டிப் பணத்தில் எழுந்த மேடையில் அமர்ந்துதான் குத்பா கேட்கிறோம் என்பதை மணமகனும் அறிவதில்லை, குத்பா ஓதும் ஹஜ்ரத்தும் அறிவதில்லை.

அதற்காக அலங்காரமே கூடாது என்று எழுத நாங்கள் வரவில்லை. பள்ளிவாசலில் நிகாஹ் வைத்து, வீட்டில் வலீமா கொடுத்து முடிக்கிறவர்களுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது. அவர்களுக்கு அல்லாஹ் பரகத் செய்யட்டும். ஆனால் வாழ்நாளில் ஒரு நாள் தான் உட்காரும் இடம் அழகாக இருக்க வேண்டும் என்று ஒரு பெண் பிள்ளை ஆசைப்படுவதை வீண்விரயம் என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை. அழகும் வேண்டும், கடனும் கூடாது என்றால் அதற்கு வழி இருக்கிறது. எங்கள் இளைஞர் அணியினர் பல நிகாஹ்களுக்கு மேடை கட்டிக் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறோம்.

நாள் குறிக்கும்போதே பாதி மிச்சம்

மண்டபம், டெகரேஷன், பூ மூன்றுக்கும் விலையை நிர்ணயிப்பது முகூர்த்த நாள். வளர்பிறை முகூர்த்தம் என்று நாட்காட்டியில் போட்டிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் நாமும் நிகாஹ் வைத்தால், அந்த நாளின் விலையைத்தான் கொடுக்க வேண்டும். நமக்கு நல்ல நாள், கெட்ட நாள் கிடையாது என்று மேடைதோறும் பேசுகிறோம். அதை மண்டபம் பிடிக்கும்போது நினைவில் வைப்பவர்கள் குறைவு.

சகோதர சமயத்தவர் ஆடியிலும் மார்கழியிலும் திருமணம் வைப்பதில்லை. அந்த மாதங்களில் மண்டபங்கள் காலியாகக் கிடக்கும், டெகரேஷன்காரர்களுக்கும் வேலை இருக்காது. பேசி விலை குறைக்க அதுவே ஏற்ற நேரம். இரண்டில் எங்கள் யோசனை ஆடி. மார்கழிப் பனியில் மல்லிகை விளைச்சல் விழுந்து கிலோ ஆயிரக்கணக்கில் ஏறிவிடும். ஆடியில் மல்லிகை வரத்து தாராளம். அம்மன் கோயில் திருவிழா நாட்களில் மட்டும் பூ விலை துள்ளும். ஆடி வெள்ளியையும் பதினெட்டாம் பெருக்கையும் விட்டு நாள் குறித்தால் போதும்.

ஸஃபர் மாதத்தைப் பீடை மாதம் என்று ஒதுக்கும் வழக்கமும் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. மார்க்கத்தில் அதற்கு இடமில்லை என்று ஆலிம்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். நம் ஜமாஅத் மண்டபம் அந்த மாதத்தில் பூட்டியே கிடக்கிறது என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

நாள் உறுதியானதும் மண்டப மேலாளரிடம் இன்னொன்றும் விசாரியுங்கள். முதல் நாளோ மறுநாளோ அதே மண்டபத்தில் யார் வீட்டு விசேஷம்? சட்டம், துணி, விளக்கு இவற்றை ஏற்றி இறக்கிக் கட்டி அவிழ்ப்பதில்தான் டெகரேஷன்காரரின் கூலி பெரும்பகுதி போகிறது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரே அமைப்பை இரண்டு நாளுக்குப் பேசி, பூவை மட்டும் அவரவர் மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம். மறுநாள் விசேஷம் சகோதர சமயத்தவருடையதாக இருந்தாலும் இதில் தடை ஒன்றுமில்லை. நாங்கள் அப்படிப் பேசி முடித்ததுண்டு.

பேக்கேஜில் என்ன இருக்கிறது?

டெகரேஷன்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அவர்களில் பலர் நம் மஹல்லாப் பிள்ளைகள். ராத்திரி முழுக்கக் கண் விழித்து, ஏணியில் ஏறி, கை கிழிய வேலை செய்கிறவர்கள். கேட்ட கூலி அதிகம் என்றும் சொல்ல மாட்டோம். நமக்குத் தேவையில்லாதவற்றையும் சேர்த்து நாம் வாங்குகிறோம் என்பதுதான் விஷயம். மேடை, நுழைவாயில் ஆர்ச், நடைபாதைத் தூண்கள், செல்பி பாயிண்ட், மேஜைப் பூச்சாடி, பெயர்ப் பலகை எல்லாம் சேர்த்து ஒரு தொகை சொல்வார்கள். அதைப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதி வாங்கிய உடனே, எதை விடலாம் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

நம் வீட்டுத் திருமணங்களில் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று இரண்டு மேடை போடுவது வழக்கம். இரண்டுக்கும் ஒரே அளவில் அலங்காரம் கேட்பது ஏன் என்று எங்களுக்கு விளங்கவில்லை. ஆண்கள் மேடையில் நடப்பது நிகாஹ் மஜ்லிஸ். மாப்பிள்ளை, வலீ, சாட்சிகள், ஹஜ்ரத், தஃப்தர் வைக்க ஒரு மேஜை. வெள்ளை விரிப்பும் திண்டும் நல்ல வெளிச்சமும் போதும். குத்பா முடிந்து துஆ ஓதி எழுந்தால் அந்த மேடைக்கு வேலையே இல்லை. மணமகள் மணிக்கணக்கில் அமர்ந்திருப்பது பெண்கள் பகுதியில். இருக்கிற பணத்தை அங்கே செலவழியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயங்களை டெகரேஷன்காரரிடம் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். ஒன்று, சிலைகளும் பொம்மைகளும் வேண்டாம் என்பது. தயார் நிலையில் இருக்கும் பல அமைப்புகளில் அவை ஒட்டிக்கொண்டே வரும். நிகாஹ் காலையில் எடுக்கச் சொல்லி வாக்குவாதம் செய்வதைவிட முன்பே சொல்வது மரியாதை. மற்றொன்று, திருக்குர்ஆன் வசனங்களை பிளெக்ஸிலும் அட்டையிலும் அச்சிட்டுத் தொங்கவிடுவது. பரகத்துக்காகத்தான் செய்கிறார்கள். மாலையில் அந்த பிளெக்ஸ் எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். எச்சில் இலைக்குப் பக்கத்தில் சுருண்டு கிடக்கும் வசனத்தை எடுத்து ஓரம் வைத்த கைகள் எங்களுடையவை.

சாலையோர பேனரும் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் ஒரு திருமணத்துக்காக வைத்த பேனர் சரிந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் பொறியாளர் கீழே விழுந்து, பின்னால் வந்த லாரியில் சிக்கி இறந்தார். அனுமதி இல்லாமல் பேனர் வைப்பது சட்டப்படியும் குற்றம். மண்டப வாசலில் ஒரு கரும்பலகை வைத்துச் சுண்ணக்கட்டியில் பெயர் எழுதினால் வழி கேட்டு வருகிறவர்களுக்குப் போதும்.

தெர்மாகோலில் பெயர் வெட்டி ஒட்டும் பழக்கமும் போக வேண்டும். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள். பலூனுக்குச் செருகும் பிளாஸ்டிக் குச்சியும் அதே பட்டியலில் இருக்கிறது. கடைகளில் இன்னும் கிடைக்கிறதே என்று கேட்பார்கள். கிடைக்கிறது என்பதால் வாங்கலாம் என்றாகிவிடாது.

துணிக் கணக்கு

நாமே மேடை கட்டுவதென்றால் முதலில் அளவு நாடாவோடு மண்டபத்துக்குப் போக வேண்டும். கண் மதிப்பில் வாங்கிய துணி ஒன்று போதாமல் போகும், இல்லையென்றால் பாதி மிஞ்சும்.

நம் பக்கத்து மண்டபங்களில் பெண்கள் மேடை சுமார் 20 அடி அகலம் இருக்கும். பின்திரை 16 அடி அகலம், 9 அடி உயரம் இருந்தால் பார்வைக்கு நிறைவாக இருக்கும். துணியை இழுத்துக் கட்டினால் பேனர் மாதிரி தட்டையாகத் தெரியும். கொசுவம் விழுந்தால்தான் அழகு. கொசுவத்துக்கு அகலத்தைப் போல இரண்டு மடங்கு துணி வேண்டும். அதாவது 32 அடி. கடைத் துணியின் அகலம் 44 அங்குலம் என்றால் 9 துண்டு வரும். ஒவ்வொரு துண்டுக்கும் உயரம் 9 அடி, மேலே குழாய் நுழைக்க மடித்துத் தைக்கவும் கீழே மடிக்கவும் ஓர் அடி, ஆக 10 அடி. 9 துண்டுக்கு 90 அடி, ஏறக்குறைய 28 மீட்டர். மீட்டர் 55 ரூபாய் என்று வைத்தால் 1,540 ரூபாய். இவ்வளவுதான் ஒரு மேடையின் முதுகெலும்பு.

நிறம் தேர்ந்தெடுக்கும்போது மணமகளின் சேலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் அரக்கோ சிவப்போ உடுத்துகிறார்கள். பின்னால் சிவப்புத் திரை என்றால் போட்டோவில் முகம் மட்டும் தனியாக மிதக்கும். தந்த நிறம், வெளிர் பச்சை, சந்தன நிறம் எல்லாச் சேலைக்கும் ஒத்துப்போகும். ஒரே நிறத்தில் 7 துண்டும், ஓரங்களில் அடர் நிறத்தில் 2 துண்டும் தொங்கவிட்டால் சட்டம் போட்டது போல் இருக்கும். பளபளக்கும் சாட்டின் கையில் எடுக்கும்போது நன்றாயிருக்கும். விளக்கு விழுந்தால் கண் கூசும். மங்கலான துணியே மேல்.

துணியைத் தாங்க இரும்புக் குழாய்ச் சட்டம் பந்தல்காரரிடம் வாடகைக்குக் கிடைக்கும். நான்கு கால்களிலும் மணல் மூட்டை வைக்காமல் சட்டத்தை நிறுத்தவே கூடாது. மேடையில் குழந்தைகள் ஓடுவார்கள், திரைக்குப் பின்னால் போய் ஒளிவார்கள். சுவரில் ஆணி அடிக்க மண்டபத்தில் அனுமதிக்க மாட்டார்கள்; முன்பணத்தில் பிடித்துக்கொள்வார்கள். கட்டுக் கம்பி, நைலான் கயிறு, சேஃப்டி பின், கத்தரிக்கோல், ஏணி இவை போதும்.

நம் மாவட்டத்தில் இருந்துகொண்டு பத்தமடைப் பாயை மறந்துவிடுகிறோம். கோரையை ஆற்று நீரில் ஊறவைத்துக் கீறிச் சாயமேற்றி நெய்யும் இந்தத் தொழிலைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வருவது நம் சமுதாயக் குடும்பங்கள். இன்று தறியில் அமர்ந்திருப்பவர்களில் பெண்களே அதிகம். மணமக்களின் பெயரும் தேதியும் ஓரத்தில் நெய்த கல்யாணப் பாய் அவர்களுடைய சிறப்பு. அதை மேடையில் சோபாவுக்குக் கீழே விரித்தாலும் சரி, நிகாஹ் மஜ்லிஸில் மாப்பிள்ளை அமர விரித்தாலும் சரி, வேறு எந்தப் பெயர்ப் பலகையும் தேவைப்படாது. பிளெக்ஸில் அச்சிட்ட பெயர் மறுநாள் குப்பைக்குப் போகும். பாயில் நெய்த பெயர் பேரப்பிள்ளை தூங்கும் வரை வீட்டில் கிடக்கும். மெல்லிய பாய் நெய்யப் பல வாரங்கள் ஆகும் என்பதால் நாள் குறித்த கையோடு சொல்லிவைக்க வேண்டும்.

பூ

விலைப் பட்டியலில் எப்போதும் கீழே இருப்பதும் வாடாமல் அதிக நேரம் நிற்பதும் செண்டுப்பூ. பழைய மனிதர்கள் அதற்குத் துலுக்கச் சாமந்தி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் பெயரைச் சுமக்கிற பூவை நாமே மலிவென்று ஒதுக்கி, ஓசூர் ரோஜா கேட்கிறோம்!

எவ்வளவு வாங்குவது? ஒரு கிலோ வாங்கி வீட்டில் கோர்த்து அளந்து பாருங்கள். பூவின் பருமனைப் பொறுத்து அளவு மாறும். 9 அடி கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். பின்திரையின் மேல் விளிம்பு 16 அடி, இரண்டு பக்கமும் 9 அடி வீதம், ஆக 34 அடி. இரட்டைச் சரமாகத் தொங்கவிட்டால் 68 அடி. மேடையின் முன் விளிம்பு 20 அடிக்கு இரட்டைச் சரம் 40 அடி. மொத்தம் 108 அடிக்கு 12 கிலோ. வாசலுக்கு 3 கிலோ சேர்த்தால் 15 கிலோவில் வேலை முடிந்தது. தோவாளையிலோ சங்கரன்கோவிலிலோ அதிகாலையில் போய் எடுத்தால் உள்ளூர்க் கடையைவிடக் குறைவாக வரும். ஆனால் பஸ், ஆட்டோ கூலியையும் சேர்த்துப் பார்த்துவிட்டுப் போங்கள். 5 கிலோ பூவுக்காகத் தோவாளை வரை போவது கணக்கில் வராது.

செண்டுப்பூவை முதல் நாள் சாயங்காலமே கோர்த்து, ஈரச் சாக்கில் சுற்றி, காற்றோட்டமான நிழலில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வெந்துவிடும். மல்லிகையை அப்படி வைக்க முடியாது. அது சாயங்காலம் விரிகிற பூ. காலை நிகாஹுக்கு மொட்டாகவே கட்டித் தொங்கவிட வேண்டும். அலங்காரத்துக்கு அதிகம் வாங்கவும் கூடாது. மணமகளின் தலைக்கு நேர் பின்னால் நாலு சரம் இருந்தால் போட்டோவில் மேடை முழுதும் மல்லிகை போலத் தெரியும். இடைவெளிகளில் மரிக்கொழுந்தும் பச்சை இலைகளும் செருகினால் பூ குறைந்தது யாருக்கும் தெரியாது.

வாழை மரம் கட்டுவதும் குருத்தோலைத் தோரணமும் சில ஊர்களில் நம்மவர்களிடமும் வழக்கத்தில் உண்டு, சில ஜமாஅத்துகளில் தவிர்க்கிறார்கள். அந்தந்த ஊர் வழக்குக்கு விட்டுவிடுகிறோம்.

விளக்கும் நெருப்பும்

இந்தப் பகுதியைப் படிக்காமல் புரட்ட வேண்டாம்.

2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தில் கீற்றுப் பந்தல் தீப்பிடித்து மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2023 செப்டம்பரில் இராக்கின் ஹம்தானியாவில் ஒரு திருமண மண்டபத்தில், உள்ளே கொளுத்திய வாணவேடிக்கையின் பொறி அலங்காரத்தில் பட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் கருகினார்கள். இன்று நம் மண்டபங்களிலும் மணமக்கள் நடந்து வரும்போது இருபுறமும் பொறி பறக்கும் எந்திரம் வைக்கிறார்கள். குளிர்ந்த நெருப்பு, சுடாது என்று விற்கிறவர் சொல்வார். பொறி பறக்கிற எதையும் துணித் திரைக்கும் காய்ந்த பூவுக்கும் பக்கத்தில் வைக்கக் கூடாது. காசு கொடுத்தாலும் வேண்டாம், இலவசம் என்றாலும் வேண்டாம். கேஸ் பலூனும் அப்படித்தான். அதில் ஹைட்ரஜன் அடைத்திருந்தால் ஒரு சிகரெட் நெருப்பு போதும்.

பழைய ஹாலஜன் விளக்கு ஒன்று 500 வாட், 1,000 வாட் இழுக்கும். அதன் முன் கை காட்ட முடியாத அளவுக்குச் சுடும். செயற்கைத் துணிக்கு அருகில் அதை வைப்பது அடுப்பு வைப்பதற்குச் சமம். எல்.இ.டி. பார் விளக்குகள் ஒன்று 50 வாட்டைச் சுற்றித்தான் வரும், சூடும் குறைவு. நான்கு விளக்கைத் தரையிலிருந்து திரையை நோக்கிச் சாய்த்து வைத்தால் 16 அடி முழுதும் ஒளி பரவும். ஜெனரேட்டரில் ஓடினாலும் டீசல் செலவு குறையும். மணமகளின் முகத்துக்கு முன்னாலிருந்து வெள்ளை வெளிச்சம் ஒன்று தனியாக வேண்டும். நிற விளக்கை முகத்தில் அடித்துவிட்டு பிறகு போட்டோகிராபரைத் திட்டுவதில் பயனில்லை.

வயரை முறுக்கி டேப் சுற்றி இணைக்கக் கூடாது. ஒரே பிளக்கில் நாலு இணைப்பு கூடாது. விரிப்புக்கு அடியில் வயர் போகக் கூடாது. எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூலி கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சம் பிடிக்கக் கூடாத ஒரே இடம் இதுதான். மேடைக்குப் பக்கத்தில் தீயணைப்பான் இருக்கிறதா, பெண்கள் பகுதியின் இரண்டாவது கதவு திறக்கிறதா என்று முதல் நாள் இரவே பாருங்கள். பர்தாவுக்காக அந்தக் கதவின் குறுக்கே சோபாவையோ திரையையோ போட்டு அடைத்துவிடும் பழக்கம் நம்மிடம் உண்டு. திரை போடலாம். அடைக்கக் கூடாது.

ஒரு வீட்டுக் கணக்கு

சென்ற ஆண்டு வந்த மனு ஒன்றைப் பெயர் சொல்லாமல் எழுதுகிறோம். வாப்பா மவுத்தாகி ஆறு வருடம். உம்மா பீடி சுற்றி இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். மூத்தவளுக்கு நிகாஹ். செலவுப் பட்டியலில் மேடை 85,000 என்று இருந்தது. எதற்கு என்று கேட்டோம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து போனில் ஒரு மேடைப் படம் வந்ததாம், கூடவே ஒரு வரி: "இந்த மாதிரி இருந்தாப் போதும்." அந்தப் 'போதும்' என்ற சொல்லின் விலைதான் 85,000.

"அவங்க ஆளுக எல்லாம் வந்து நிக்கும்போது எம்புள்ளைய மட்டமா ஒக்கார வைக்க முடியுமா, நீங்களே சொல்லுங்க" என்றார் அந்தத் தாய். நாங்கள் பதில் சொல்லவில்லை. ஜமாஅத் தலைவர் மூலமாக மாப்பிள்ளையின் பெரிய வாப்பாவை அழைத்துப் பேசினோம். படம் அனுப்பியது மாப்பிள்ளையின் தங்கை என்பதும், பிடித்ததைச் சும்மா அனுப்பியிருக்கிறாள் என்பதும், மாப்பிள்ளைக்கு இது தெரியவே தெரியாது என்பதும் அப்போதுதான் வெளிவந்தது. பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மேடைச் செலவு எங்களுடையது, நீங்கள் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்றார்.

பெண் பிள்ளையிடமும் கேட்டோம். அவள் அந்தப் படத்தைப் பார்த்திருக்கவே இல்லை. பின்னால் கொஞ்சம் மல்லிகைப்பூ இருந்தால் நல்லாயிருக்கும் என்று மட்டும் சொன்னாள்.

மேடையைக் கட்டியது மாப்பிள்ளையின் நண்பர்களும் எங்கள் இளைஞர்களும். ஆன கணக்கு இது: துணி 1,540, தையல் கூலி 300, குழாய்ச் சட்டமும் விளக்குகளும் வாடகை 3,200, பூ 2,750, அதில் மல்லிகை 2 கிலோ 1,400, செண்டு 15 கிலோ 900, மரிக்கொழுந்தும் பச்சையும் 450, சோபா வாடகை 1,500, லோடு ஆட்டோ 900, எலக்ட்ரீஷியன் 800, கயிறு, கம்பி, பின் 460, ராத்திரி வேலை செய்தவர்களுக்குச் சாப்பாடு 650. ஆக மொத்தம் 12,100 ரூபாய். ஆளாளுக்குக் கூலி போட்டால் இன்னும் நாலைந்தாயிரம் ஏறும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நண்பர்கள் இல்லாத வீட்டுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. பூ விலையும் நாளுக்கு நாள் மாறும்.

நிகாஹ் காலை 11 மணிக்கு. முதல் நாள் இரவு இஷாவுக்குப் பிறகு மண்டபச் சாவி கிடைத்தது. 9 மணிக்குச் சட்டம் ஏறியது, 12 மணிக்குத் துணி முடிந்தது, விளக்கு எல்லாவற்றையும் அரை மணி நேரம் எரியவிட்டுப் பார்த்தார்கள். பஜ்ருத் தொழுது வந்து பூக்கட்டு தொடங்கினார்கள். 8 மணிக்கு மேடை தயார். நான்கு பேர் கட்டினால் இந்த நேரத்தில் முடியும். பத்துப் பேர் வந்தால் முடியாது. ஆறு பேர் யோசனை சொல்வார்கள்.

கட்ட வருகிறவர்கள் அவிழ்க்க வருவதில்லை என்பதும் எங்கள் அனுபவம். பிரியாணி முடிந்ததும் மறைந்துவிடுகிறார்கள். மாலை 4 மணிக்கு மண்டபத்தை ஒப்படைக்காவிட்டால் கூடுதல் வாடகை விழும். அவிழ்க்கும் இரண்டு பேரின் பெயரை முன்பே எழுதி வைத்து, அவர்களுக்குக் கட்டும் வேலையிலிருந்து விலக்குக் கொடுத்துவிடுங்கள்.

டிரஸ்டின் மேடைச் சாமான்

இந்த அனுபவத்துக்குப் பிறகு டிரஸ்டிலேயே ஒரு செட் வாங்கி வைத்திருக்கிறோம். 16 அடி குழாய்ச் சட்டம் ஒன்று, தந்த நிறத்திலும் வெளிர் பச்சையிலும் இரண்டு திரைத் தொகுதிகள், எல்.இ.டி. பார் விளக்கு ஆறு, சீரியல் செட் பன்னிரண்டு, மடக்கு ஏணி ஒன்று. ஜகாத் நிதியிலிருந்து இதற்கு ஒரு ரூபாயும் எடுக்கவில்லை. ஜகாத்துக்கு உரியவர்கள் யார் யார் என்பது வரையறுக்கப்பட்டிருக்கிறது, மேடைத் திரை அதில் வராது. இதற்கென்றே தனியாகக் கொடுத்தவர்களின் பணத்தில் வாங்கியது. ஆகவே வசதியுள்ளவர்களும் தயங்காமல் எடுத்துப் பயன்படுத்தலாம். அவர்கள் எடுத்தால்தான் இல்லாதவர்களுக்குக் கூச்சம் விடும்.

வாடகை இல்லை. 1,000 ரூபாய் முன்பணம்; சாமான் குறையாமல் திரும்பினால் முழுதும் திருப்பித் தரப்படும். நிகாஹுக்கு இரண்டு வாரம் முன்பு ஜமாஅத் கடிதத்துடன் அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். அலுவலகம் அஸருக்குப் பிறகு மஃரிப் வரை திறந்திருக்கும், வெள்ளிக்கிழமை விடுமுறை. திரைகளைத் துவைத்துக் காயவைத்து மூன்று நாளில் ஒப்படைக்க வேண்டும். மஞ்சள் கறையும் பிரியாணிக் கறையும் படிந்தால் அன்றைக்கே அலசினால் போகும். பச்சைத் திரையில் இரண்டு துண்டு கிழிந்து தையலுக்குப் போயிருக்கிறது. அடுத்த மாத முதல் வாரம் வரை தந்த நிறம் மட்டுமே கிடைக்கும்.